கால்மிதிக்கு அடுத்தபடியாக நான்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நேற்று போனில் கேட்ட உன் குரலே சொன்னது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அப்பா மட்டும் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம். முதலில் பெரிய செய்தி. அப்பா வாராவாரம் போகும் சமூக மனநல மையத்தின் நிர்வாகக் குழு கூடி, காரசாரமாக விவாதித்து, வாசலில் கிடந்த கால்மிதியை அகற்றுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் சிக்கிக்கொள்கிறதாம். நாடுகளின் எல்லைகள் இதைவிடச் சுலபமாக மாறியிருக்கின்றன. நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. கால்மிதி போனதும் அதற்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த நிலைப்படி கண்ணில் பட்டது, அதைச் செதுக்கினார்கள். பிறகு படிகள் உறுத்தின, சாய்தளம் கட்டினார்கள். கதவை அகலமாக்கினார்கள். இன்னும் எடுப்பதற்கு என்ன தடை பாக்கி இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார்கள், நான் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கவாதம் வந்து பேச்சு திக்கியபின் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும், சாப்பாட்டை ஒதுக்கியதும், உடம்புக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, இனி மனசைப் பாருங்கள் என்று டாக்டர் இந்த மையத்துக்கு அனுப்பியதும் உனக்குத் தெரியும். அன்றுமுதல் நாற்காலியின் முன்பக்கம் நானும் பின்பக்கம் வாட்ச்மேனுமாகத் தூக்கித்தான் படியேற்றினோம். உள்ளே போனாலும் அவருக்கு வாய் நான்தான். ஆயுசு முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவளுக்குப் பாதி வாக்கியத்தை முடித்துவைப்பது ஒரு வேலையா? அவர் "ம" என்று தொடங்கினால் "மனசு பாரமா இருக்காம்" என்று முடித்துவிடுவேன், ஆலோசகர் பெண்ணும் பரிவோடு குறித்துக்கொள்வாள். இப்போது எழுத்துப் பலகை ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்கள். நம் எழுத்துகளை அடக்குவதற்குள் அது மேசை அகலத்துக்கு வந்துவிட்டது. இடது கை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார். அவர் பல நாள் கேட்டது மணி என்ன என்பதுதானாம்.

அந்த ஆலோசகருக்கு நான் 'அவசரமில்லை' என்று பெயர் வைத்திருக்கிறேன். "அவசரமே இல்ல சார், மெதுவாச் சொல்லுங்க" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வராது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவசரமில்லை என்று சொல்ல எனக்கும் தெரியும். அடுப்பில் குக்கர் கத்தும்போது சொல்லிப் பார்க்கட்டும். அவள்தான் ஒருநாள், "நீங்க வெளியில ரெஸ்ட் எடுங்கம்மா, இனி சாரே பேசிக்குவார்" என்று தேனாகச் சொன்னாள். வாட்ச்மேன் தன் பங்குக்கு, "விடுங்கம்மா, இப்பல்லாம் நான் ஒத்தை ஆளாவே ஏத்திடுவேன்" என்றான். வாசலில் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உள்ளேயிருந்து உன் அப்பாவின் சிரிப்பு கேட்டது. நோய் வந்தபின் வீட்டில் நான் ஒரு தடவைகூடக் கேட்டிராத சிரிப்பு. வரும் வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார். பலகையும் இல்லாமல் திக்கலும் இல்லாமல் அவர் முழுசாகச் சொல்கிற ஒரே வார்த்தை அதுதான். உன் சித்தியிடம் புலம்பினேன். "என்னக்கா, இந்த வயசுல மாமாவுக்குச் சின்ன வீடா, அதுவும் சாய்தளமெல்லாம் வெச்சுக் கட்டினதா?" என்று சிரிக்கிறாள். சக்களத்தி என்றால் முடியைப் பிடிக்கலாம், சாய்தளத்தில் எதைப் பிடிப்பது, ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. அதையே புகாராகச் சொன்னேன், அடுத்த வாரம் கைப்பிடி வைத்துவிட்டார்கள். வழுக்குகிறது என்றேன், ரப்பர் பட்டை ஒட்டினார்கள். அறிவிப்பு எழுத்து பொடியாக இருக்கிறது என்றேன், பெரிதாக்கிவிட்டு நன்றியும் சொன்னார்கள். குறை சொன்னால் உடனே திருத்திவிடுகிற இடத்தில் ஒரு மனுஷி எப்படித்தான் குறை சொல்வது? இது பொறாமை என்று நீ நினைப்பாய். பொறாமைதான். இவர் யாரிடமாவது வாய்விட்டுப் பேச வேண்டுமென்று நான் வேண்டாத தெய்வமில்லை. அந்த யாராவது நானாக இருக்க வேண்டுமென்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் உள்ளே சிரிப்பும் இல்லை, சத்தமும் இல்லை. நேரம் முடிந்து 'அவசரமில்லை' வெளியே வந்து, "சார் இன்னிக்கு முழுக்க ஒரே ஒரு விஷயம்தாம்மா சொன்னார், அதுவும் உங்களைப் பத்தி" என்றாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், நான் புகார் சொல்லி வாங்கியதுதான். "அவளையும் உள்ள கூப்பிடுங்க, தனியா, அவளுக்குப் பேச ஆள் இல்லைன்னாரும்மா." நான் முடித்துவைக்க அதில் எதுவும் மிச்சமில்லை. இந்த வாரம் அவர் நேரம் முடிந்ததும் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாமென்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. "அவசரமே இல்லம்மா" என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை பேசும்போது பாதியில் பிடுங்கி நீ முடிப்பதை நேற்று போனில் கவனித்தேன், எங்கே கற்றாய் என்று கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னோடு தானே பேசுவாராம். சத்தம் வரவில்லையே, லைன் போய்விட்டதோ என்று வைத்துவிடாதே, காத்திரு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
செருப்பு அடுக்குக்குப் பக்கத்திலிருந்து,
உன் அம்மா

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க மறந்து கைப்பையிலேயே வைத்திருந்துவிட்டேன். நேற்று நான் உள்ளே போய் வந்தேன், அப்பா வெளியே காத்திருந்தார். திரும்பும் வழியில் என்ன பேசினாய் என்று கேட்டார். கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். ஒண்ணுமில்ல என்றேன். வீடு வந்து சேரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.