ஐம்பது கஜத்துக்கு அப்பால்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் நல்ல பனி. மிக்சி ரிப்பேருக்குத் திண்டிவனம் – இன்றைக்கும் போகவில்லை. மேற்குக் கொல்லையில் மறுபடி மான். நான்கு பாத்தி மல்லாட்டை மொட்டை. மேய்ந்தது போக மிச்சக் கடலைச் செடியை மிதித்து வைத்திருக்கின்றன. அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம். வயிறு எரிகிறது.

இவர் போனில் அமெரிக்காக்காரன் மான் சுடுகிற வீடியோ பார்க்கிறார். மாமனார் காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி பரணிலிருந்து இறங்கிவிட்டது. பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கியது. துடைக்க என் காட்டன் புடவையைக் கிழித்திருக்கிறார். பழசுதான். கேட்டிருக்கலாம்.

பிப். 10

சாம்பாரில் உப்பு இல்லை. அதைக்கூட இவர் கவனிக்கவில்லை. வாயெல்லாம் துப்பாக்கி. ரவைத் தோட்டா வேண்டாமாம், சிதறுமாம். ஒரே குண்டு உள்ள தோட்டாதானாம். குண்டின் மேல் சாய்வாக வரி வெட்டியிருக்கிறது, காட்டினார்.

"குழாய்க்குள்ள முறுக்குப் பள்ளம் இருந்தா நூறு கஜத்துக்கு மேலயே அடிக்கலாம். நம்மள்து வழவழ குழா. அம்பது கஜம் கரெக்டா நிக்கும்."

எனக்குத் தெரிந்து கஜம் புடவைக்கு.

"அம்பதுக்கு அப்பறம் எங்க போவும்?"

"அதுக்கப்பறம் வேலைக்கு ஆவாதுடி."

"மானைச் சுட்டா ஜெயிலுங்க. லைசென்ஸு அதுக்கா குடுத்தாங்க?"

"சும்மா டெஸ்டிங் பண்ணிக்கினு இருக்கேன். பேஜார் பண்ணாத."

டெஸ்டிங்காம். இவர் உள்ளே போனால் அறுவடைக்கு ஆள் கூப்பிடுவதும் நான், வக்கீல் வீட்டு வாசலில் நிற்பதும் நான். எலெக்‌ஷன் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். இதற்காகவாவது சீக்கிரம் அறிவிக்கட்டும்.

பிப். 11

பல்வலி. கிராம்பு. கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சு.

வெயில் ஏறினதும் டெஸ்டிங். வேலிக் கம்பத்தில் உரச் சாக்கு, நடுவில் கரியால் ஒரு வட்டம். தூரம் அளந்தது போர் பைப்பால். ஒரு பைப் இருபது அடி, எட்டு முறை புரட்டினால் ஐம்பது கஜம் தாண்டும். நான் போனில் படம் பிடிக்க வேண்டுமாம். உலை கொதிக்கிறது என்றால் கேட்கவில்லை.

முதல் இரண்டும் சாக்கில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி. முகத்தில் கல்யாணக் களை. அதோடு விட்டாரா? இன்னும் நான்கு பைப் பின்னால் போனார். மூன்றாவது குண்டு சாக்கின் ஓரம். நான்காவது குண்டு சாக்கிலும் இல்லை, கம்பத்திலும் இல்லை.

"எங்கங்க அது?"

"எங்கனா மண்ணுல பூந்திருக்கும். அதுக்குள்ள பவர் போயிருக்கும்."

துப்பாக்கி பின்னால் உதைத்ததில் தோளில் ரத்தம் கட்டியிருக்கிறது. தைலம் தேய்த்தேன். திட்டிக்கொண்டேதான்.

பிப். 12

காலையில் மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்தில் அமுலு வந்தாள். நம் கொல்லையில் களை எடுக்கிறவள். வேலிக்கு அந்தப் பக்கம், புங்க மரங்களுக்குப் பின்னால் அவள் வீடு. பக்கத்தில் நம் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. சாக்கு கட்டின இடத்திலிருந்து பார்த்தால் இரண்டுமே தெரியாது.

"அக்கா, டேங்கு ஒழுவுது. ரெண்டு பக்கமும்."

"எப்பலேருந்து?"

"இப்பதான், தண்ணி ரொம்புனதும். நேத்து நீங்க மானுக்கு வெடி போட்டப்ப டேங்குகிட்ட துணி தொவச்சிக்கினு இருந்தேன், பட்டுனு ஒரு சத்தம். கொரங்கு குதிச்சிச்சின்னு நெனச்சேன்."

இவர் தட்டில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

போய்ப் பார்த்தோம். பைப் போட்டு அளக்க யாருக்கும் தெம்பில்லை. இந்தப் பக்கம் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. அந்தப் பக்கம் அதைவிடப் பெரிசு. நேற்று தொட்டியில் பாதித் தண்ணீர்தான். குண்டு அதற்கு மேலே நுழைந்து அப்படியே வெளியே போயிருக்கிறது. அங்கேதான் துவைக்கிற கல். அமுலுவும் என் உயரம்தான். கல்லுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று பார்த்தேன். ஓட்டை என் நெற்றிக்கு நேராக இருந்தது.

குனிந்து துவைத்துக்கொண்டிருந்தாள். அதனால் இருக்கிறாள்.

இவர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். நான் போய் மோட்டாரை நிறுத்தினேன். அவளிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பிப். 13

துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தார். நான் சொல்லவே இல்லை. மான் ராத்திரியும் வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை. திண்டிவனம்: மிக்சி, பல் டாக்டர் (கூட்டம், திரும்பிவிட்டேன்), தொட்டி ஓட்டைக்குப் பசை.

சாயங்காலம் பசையோடு போனோம். அமுலுவிடம் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம். இவர்தான் சொல்வதாக ஏற்பாடு.

களை எடுத்து வந்த அலுப்பில் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருந்தாள். ஓட்டையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கண்ணை மூடிக்கொண்டு தலையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் மட்டும் அடைக்காதீங்க. மொண்டு ஊத்த வேணாம். நேரா தலையிலயே வுழுது."