நாத்தனார் நட்ட புங்கங்கன்று

அபிநயாவின் தாத்தாவுக்கு, பச்சையம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், இடுப்புதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சத்தம் போடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் தீயில் கருகிய மலைச்சரிவில் ஊர் ஜனங்கள் நட்ட கன்றுகளுக்கு நாங்கள் கூலிக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்கிறோம். பௌர்ணமிக்கு வந்த உங்கள் தங்கை மல்லிகாவும் ஒரு புங்கங்கன்று நட்டு, தன் பெயர் எழுதிய அட்டையைக் கட்டினாள். "அண்ணி, என் செடிக்கு ஜாஸ்தி ஊத்துங்க" என்று சிரித்தாள். முதல் பந்திக்குக் கூப்பிடவில்லையென்று நம் மகள் ஆர்த்தி கல்யாணத்தில் கை நனைக்காமல் போனவள்! அந்தக் கன்றை மட்டும் தினமும் தாண்டிப் போனேன்.

நேற்று மேஸ்திரி ஜானி பாஷா, "ஏம்மா, இது மட்டும் ஏன் வாடுது? செத்துட்டா இந்த இடம் மறுபடியும் மொட்டைதான்" என்றார். அவர் போனதும் அட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டு இரண்டு குடம் ஊற்றினேன். இன்று நிமிர்ந்திருக்கிறது. மல்லிகாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

தலையில் சும்மாடு வைக்க, அபிநயாவின் பழைய பாவாடை ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம். தண்ணீர் வண்டி வந்துவிட்டது, போகிறேன்.

பச்சையம்மாள்