கிரேனைப் பற்றி உன்னிடம் சொல்லாதது

பாய்,

இன்று மத்தியானம் கூட்டேரிப்பட்டில் ஒரு மெஸ்ஸில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். பரோட்டா போடுகிறவர் கல்லின் மேல் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். ஏணியில் நின்றபடியே, "போச்சா பாய்?" என்று கத்திவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னா சார் போச்சு?" என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்று ஸ்க்ரூவை முறுக்கினேன்.

ஒரு தட்டு என்றால் படம் வருகிறது, இரண்டு தட்டு என்றால் போய்விட்டது. நாம் வைத்துக்கொண்ட அடையாளம் அது. ஊரில் டிஷ் மாட்டும்போது மாடியிலிருந்து "வந்துச்சா?" என்று கத்தினால் கீழேயிருந்து பதில் வரும். வளைகுடாக் கடலில், எண்ணெய் மேடைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்ற, நாம் வேலை பார்த்த பார்ஜ் என்ற தட்டைக் கப்பலில், கடல்காற்று பேச்சை வாயிலேயே பிடுங்கிக்கொள்ளும். டிவி பார்க்க வாக்கி டாக்கி தரமாட்டார்கள். அதனால் மேல்தளத்தில், பார்ஜ் எப்படித் திரும்பினாலும் தானே செயற்கைக்கோளைத் தேடிப் பிடிக்கும் ஆன்டெனாவோடு எலக்ட்ரீஷியன் நான். கீழே சாப்பாட்டு அறையில் டிவியைப் பார்த்துக்கொண்டு, மேலே வரும் இரும்புக் குழாயில் கரண்டியால் தட்டும் சமையல்காரன் நீ. கோட்டக்குப்பத்துக்காரனான உனக்கு என் பெயர் கடைசிவரை வாயில் வரவில்லை. "யோவ் திண்டிவனம்" என்று என் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவாய்.

அந்த வெள்ளிக்கிழமைக்காக நீ ஒரு வாரம் தவமிருந்தாய். உன் மகள் தமிழ் சேனல் ஒன்றில் மாணவர் பேச்சுப் போட்டியில் நேரலையில் பேசப் போகிறாள். அவளுடைய பள்ளிக்கூட விழா ஒன்றுக்குக்கூட நீ ஊரில் இருந்ததில்லை. "பேசி முடிச்சதும் கேமராவைப் பாத்து சிரிப்பேன் அத்தா, நீங்க பாத்துக்கினு இருக்கீங்கன்னு நெனச்சுக்குவேன்" என்று போனில் சொன்னாளாம். அதை நீ பார்ஜில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லி, எல்லோருக்குமாகப் பிரியாணியும் போட்டாய்.

அன்று பார்த்துக் காலையிலிருந்தே படம் கட்டம் கட்டமாக உடைந்தது. உப்புக்காற்றில் கேபிள் முனை அரிப்பது வழக்கம்தான். இதுவும் அதுவே என்று முடிவு கட்டி, ஒவ்வொரு முனையாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ கையில் மாவோடு மேலே ஏறி வந்தாய்.

"யோவ் திண்டிவனம், காலைல வெயிலு எப்பவும் முட்ட ஒடைக்கிற பலக மேல வுழும். இன்னிக்கு அரிசி மூட்ட மேல வுழுவுது. நேத்து நங்கூரத்த மாத்தி பார்ஜைத் திருப்பி நிறுத்திக்கிறாங்கயா. ஆன்டெனாவுக்கு எதிர்ல எதுனா வந்து மறைக்குதா பாரு."

"நீ கொழம்பப் பாரு பாய், வானத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாய். பெரிய படிப்பாளி மாதிரி நான் மறுபடியும் உப்பைத் துடைத்தேன். நிகழ்ச்சி ஆரம்பித்தது. இரண்டு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு தட்டு. அதற்கப்புறம் நீ தட்டவே இல்லை.

ஒரு மணி நேரம் போனபின் வேலை முடிந்து, மேல்தளத்தில் காலையிலிருந்து உயர்ந்து நின்ற கிரேனின் நீண்ட கையைக் கிரேன்காரர் மெல்லக் கீழே படுக்க வைத்தார். கீழேயிருந்து ஓங்கி ஒரு தட்டு. படம் பளிச்சென்று வந்துவிட்டது. நான் எதையும் தொடவே இல்லை பாய். பார்ஜ் திரும்பியதால் ஆன்டெனாவுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவில் அந்தக் கைதான் நின்றிருக்கிறது. கிரேன்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிடம் இறக்கிக் கொடுத்திருப்பார். உன் மகள் அதற்குள் பேசி, சிரித்து, மேடையை விட்டும் போய்விட்டாள்.

கீழே வந்து உன்னிடம் என்ன சொன்னேன்? "சேட்டிலைட்டுலயே கோளாறு பாய். எல்லா எடத்துலயும் இப்டித்தானாம்." கூசாமல் சொன்னேன்.

"சரி வுடுயா, அதுக்கு நீ இன்னா பண்ணுவ" என்று என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாய். அடுத்த லீவில் அந்தப் பேச்சைப் போனில் பார்த்துவிட்டதாகச் சொன்னாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்கப்புறமும் இரண்டு வருடம் ஒரே பார்ஜில் இருந்தோம். இன்று, நாளை என்று தள்ளினேன். நீ லீவில் போனவன் மாரடைப்பில் போய்விட்டாய். எனக்குச் சேதி வந்தபோது உன்னை அடக்கம் பண்ணி முடித்திருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் கோட்டக்குப்பத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் டீ கொடுத்தாள். "அத்தா உங்களப் பத்தி பேசாத நாளே இல்ல மாமா. அன்னிக்கு வானத்துலயே கோளாறாம், ஆனாலும் திண்டிவனத்துக்காரர் எனக்காக வெயில்ல நின்னு மல்லுக்கட்டினாருன்னு சொல்லிக்கினே இருப்பாரு" என்றாள். டீயைக் குடித்துவிட்டுத் தலை குனிந்து வந்துவிட்டேன். அவளிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது எந்த வீட்டில் சிக்னல் குறைந்தாலும், பையைத் திறக்கும் முன் வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறேன். அடுப்படியில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்கிறேன். அவர்கள் சொல்வதை முழுதாகக் கேட்டபின்தான் ஏணியில் ஏறுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கோட்டக்குப்பம் போகிறேன் பாய். உன் மகளிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு வானத்தில் ஒரு கோளாறும் இல்லை. கிரேன்தான். நீ சொன்னதுதான் சரி.