மானிட்டரில் ஒட்டிய சீட்டு

என்னங்க,

மானிட்டரில் நீங்கள் ஒட்டியிருந்த பாஸ்வேர்ட் சீட்டைக் கிழித்துவிட்டேன். ஃபேன் ரிப்பேர்காரர் ஏணியில் நின்றபடியே, "சார், கடைசியில இருக்கிறது உங்க பிறந்த வருஷமா?" என்று கேட்டபோதும் உங்களுக்கு உறைக்கவில்லை.

புது பாஸ்வேர்டை நான் எங்கும் எழுதவில்லை. வேண்டுமென்றால் போன் செய்து வாயைத் திறந்து கேளுங்கள். மெசேஜுக்குப் பதில் கிடையாது. நாம் பேசி நாலு நாள் ஆகிறது.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடுகிறது, முடியும்வரை அணைக்காதீர்கள்.

பி.கு.: போன தடவை அப்டேட்டைப் பாதியில் கெடுத்தது நீங்கள் இல்லை. இஸ்திரிப் பெட்டிக்காக பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உங்கள் மேல் பழியைப் போட்டது நான்தான்.

படித்ததும் இதையும் கிழித்துவிடுங்கள். ஃபேன்காரர் இன்றைக்கும் வருகிறார்.