குன்றின் மேல் ஒரு நெருப்பு

1909 ஜூன் 21, திங்கள்

குளிர்கால மழை விட்டபாடில்லை. கடைக்காரி எஸ்கொலாஸ்திகாவின் பாவாடையைத் தைத்து முடித்தேன். இடுப்பில் இரண்டு விரல் தளர்த்தச் சொன்னாள். நான் நான்கு விரல் தளர்த்தினேன். தேவைப்படும்.

நாளை மறுநாள் சான் ஹுவான் பண்டிகை, ஊர் கூடி நெருப்பு போடும் ராத்திரி. கடற்கரை சேறாகக் கிடக்கிறது. அங்கே போட்டால் விறகு புகையும், சர்க்கரைவள்ளி வேகாது. இந்த வருஷம் குன்றின் மேல் போடலாமே என்று அவளிடம் சொன்னேன்.

“இத்தனை வருஷமா கீழதானடி போட்டோம்.”

“இத்தனை வருஷமா உங்க செருப்பு நனைஞ்சதுதான் மிச்சம்.”

சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் ஊரே ஒத்துக்கொண்ட மாதிரி.

சாயங்காலம் ஃபெர்மின் மாவு வாங்க வந்தான். என் தம்பி, முனையில் கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்கிறவன். முப்பத்தாறு வயசாகியும் கல்யாணம் இல்லை, சட்டையெல்லாம் எண்ணெய் நாற்றம். நெருப்புக்கு வாடா என்றேன். “விளக்க யாரு பாப்பா? உன் தையல் மிஷினா?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

ஜூன் 24, வியாழன்

எங்கிருந்து எழுத ஆரம்பிப்பது?

நேற்று நெருப்பு அருமையாகப் பிடித்தது. ஆள் உயரத்துக்கு மேல் எரிந்தது. ஐந்து ஜோடிகள் கை கோத்து, ஜோடிக்கு ஜோடி இடம் விட்டு, சுற்றிச் சுற்றி ஆடினோம். முதல் ஜோடியில் நான். வழக்கப்படி மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகமாக. “இன்னும் வேகமா” என்று கத்தியதும் நான்தான்.

எட்டு மணி இருக்கும். கடலிலிருந்து கப்பல் சங்கு மூன்று தரம் ஊதியது. அவ்வளவு பக்கத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. பிறகு மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஆண்கள் படகுகளை நோக்கி ஓடினார்கள்.

ஸ்பெயினிலிருந்து மொண்டேவிடியோ போகும் நீராவிக் கப்பலாம். இருபத்திரண்டு பேரைக் கரை சேர்த்தார்கள். பதினேழு பேர் போய்விட்டார்கள், கேப்டனும் சேர்த்து. இரண்டாவது அதிகாரி ஒர்துன்யோவை என் வீட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். தோள்பட்டை இறங்கியிருக்கிறது. சூடாக மாத்தே இலைக் கஷாயம் கொடுத்தேன். குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 25

சவங்களுக்குப் போர்வை தைத்தேன். துணி, அதே கப்பலிலிருந்து கரை ஒதுங்கியது. நல்ல நீலத் துணி.

ஜூன் 26, சனி

ஒர்துன்யோ இன்றுதான் வாய் திறந்தார். கரை வலது பக்கம் இருக்க வந்துகொண்டிருந்தார்களாம். விளக்கைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்பவேண்டும் என்று வரைபடத்தில் இருக்கிறது. தாண்டினார்கள், திரும்பினார்கள், அடியில் பாறை.

“விளக்கு சரியில்லம்மா. பத்து விநாடிக்கு ஒரு தரம் சிமிட்டணும். அது கன்னாபின்னான்னு சிமிட்டுச்சு. காவக்காரன் விசைய முறுக்காம தூங்கிட்டான்னு கேப்டன் திட்டினாரு.”

அந்தக் காவல்காரன் என் தம்பி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன்.

ஃபெர்மின் தூங்கினானா? பண்டிகை நாள். ஒரு வாய் குடித்திருப்பானோ? அவன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் யார்தான் அப்படிப்பட்டவர்கள்?

ஜூன் 28, திங்கள்

மொண்டேவிடியோவிலிருந்து விசாரணை அதிகாரி வந்துவிட்டார். மெல்லிய மீசை, சேறு படாத பூட்ஸ். நேராக விளக்குக்குப் போனார்.

விளக்கைச் சுழற்றும் விசையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முறுக்க வேண்டும். முறுக்கும்போதெல்லாம் பதிவேட்டில் ஒரு குறி. இந்த மடையன் என்ன செய்வான் தெரியுமா? ராத்திரிக்கான குறிகள் அத்தனையையும் பகலிலேயே போட்டு வைத்துவிடுவான். ராத்திரி மேலே குளிரில் மை உறைந்துபோகிறதாம். அதிகாரி மத்தியானம் மூன்று மணிக்குப் பதிவேட்டைத் திறந்தால், இன்று ராத்திரிக்கான குறிகள் தயாராக நிற்கின்றன.

இனி இருபத்துமூன்றாம் தேதிக் குறிகளை யார் நம்புவார்கள்? வேலை போவது நிச்சயம். ஜெயிலுக்கும் வாய்ப்பிருக்கிறது என்றாராம். சனிக்கிழமை அவனை அழைத்துப் போகிறார்.

ஜூன் 29

காலையில் ஃபெர்மின் வந்தான். சவரம் செய்யவில்லை. வாசலிலேயே நின்றான்.

“முறுக்கினியாடா, இல்லையா?”

“முறுக்கினேன்னுதான் நெனச்சேன்க்கா.”

“நெனச்சியா?”

“பதினோரு வருஷமா தினம் முறுக்குறேன். அதுல எது அன்னிக்கு முறுக்கினது, எது முந்தாநாள் முறுக்கினதுன்னு எப்படி எடுத்துச் சொல்றது? நீ கதவ சாத்தினது உனக்கு ஞாபகம் இருக்கா?”

எனக்கும் ஞாபகம் இல்லை.

“எல்லாரும் சொல்றாங்க. ஒருவேளை தூங்கித்தான் போயிட்டேனோ என்னமோ” என்றான். அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அன்றைக்கு விளக்கு தெரிந்ததா என்று நான் விசாரித்த எல்லாரும் இல்லை என்கிறார்கள். முனைப் பக்கம் பனி மூடிக் கிடந்தது. குன்றில் மட்டும் பனி இல்லை. அதை நான் அப்போதே பார்த்தேனா? இல்லை, தம்பிக்காக இப்போது பார்க்கிறேனா?

ஜூன் 30, புதன்

விளக்கேற்றி, ஒர்துன்யோவின் தோளுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். “அது எப்படித்தான் சிமிட்டுச்சு, காட்டுங்க” என்றேன். தம்பியைக் காப்பாற்ற ஏதாவது கிடைக்காதா என்ற நப்பாசை. நல்ல கையை விளக்குக்கு முன்னால் நீட்டினார். மறைத்தார், எடுத்தார். மறைத்தார், எடுத்தார்.

“மொதல்ல இப்படித்தான், மெதுவா. ஏறக்குறைய சரியாவே இருந்துச்சு. போகப்போக வேகம். கடைசியில இப்படி.” விரல்கள் பரபரவென்று அசைந்தன. “எண்ணவே முடியலம்மா. வெளிச்சமும் கொஞ்சம் சிவப்பா இருந்துச்சு.”

நெருப்பைச் சுற்றி, ஜோடிக்கு ஜோடி இடம் விட்டு. மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகமாக.

கட்டுத்துணி கீழே விழுந்துவிட்டது. “உடம்புக்கு முடியலயாம்மா?” என்று அந்த மனிதர் என்னைக் கேட்கிறார். என்னை.

நாங்கள்தானா? நான்தானா? குன்று, முனைக்கு அரைக் காத வழி முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டித் திரும்பினால் பாறைதான். சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு ஈரச் செருப்புக்காக. ஐயோ, ஒரு ஈரச் செருப்புக்காக.

ஜூலை 1

எஸ்கொலாஸ்திகாவிடம் சொன்னேன். எடைபோட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

“வாய மூடு கசில்தா. நெருப்பு வழக்கம்போல கடக்கரையிலதான். ஆடின பத்து பேரும் அதையே சொல்லுவோம்.”

“ஃபெர்மின்?”

“ஃபெர்மினுக்குப் பொண்டாட்டியா, புள்ளையா? நாங்க பத்து பேரும் குடும்பத்தோட இருக்கோம்டி.”

பத்தில் ஒருத்தி நான் என்பதை மறந்துவிட்டாளா? அவளைக் கெட்டவள் என்று எழுத நினைக்கிறேன், முடியவில்லை. அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு பேரை இழுத்துப்போட்டவள் அவள்.

ஜூலை 2

ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

ஜூலை 3, சனி

வண்டி பூட்டியாகிவிட்டது. ஃபெர்மின் மூட்டையோடு உட்கார்ந்திருந்தான். நான் அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்ததில் ஒன்றுகூட வரவில்லை.

“ஐயா, குன்றுக்கு வாங்க. சாம்பல் இருக்கு” என்றேன்.

வந்தார். மழையில் கரைந்ததுபோக ஒரு பெரிய கறுப்பு வட்டம் கிடந்தது. அதைச் சுற்றி, ஆடி ஆடிப் புல் செத்த தடம். பூட்ஸில் சேறு ஏறியதை அவர் கவனிக்கவில்லை. நடுவில் நின்று கடலைப் பார்த்தார்.

“இங்க போடச் சொன்னது யாரு?”

“நான்.”

ஒர்துன்யோவும் எப்படியோ ஏறி வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார், அது எனக்காகவா, பதினேழு பேருக்காகவா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12

தீர்ப்பு வந்தது. பனியும், குன்றில் எரிந்த நெருப்பும் காரணம். யார்மீதும் வழக்கில்லை. பதிவேட்டை ஒழுங்காக எழுதாததற்கு ஃபெர்மினுக்குக் கண்டனம், வேலை நீடிக்கிறது. யார்மீதும் வழக்கில்லை என்றால், நான் என்ன? யாரைக் கேட்பது?

ஒரு மாதமாக ஒருவரும் தைக்கத் துணி தரவில்லை. எஸ்கொலாஸ்திகா தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறாள். மிஷினை வண்டியில் ஏற்றி முனைக்கு வந்துவிட்டேன்.

1910 ஜூன் 23, வியாழன்

இந்த வருஷம் எங்கேயும் நெருப்பு இல்லை. மத்தியானம் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு துணி மூட்டை. உள்ளே அடுப்பில் சுட்ட சர்க்கரைவள்ளி, இன்னும் சூடு ஆறாமல். மூட்டைத் துணி எஸ்கொலாஸ்திகாவின் பழைய பாவாடை. இடுப்பில் நான் விட்ட நான்கு விரலும் போதாமல், தையல் பிரிக்கப்பட்டிருந்தது.

குறிகளை இப்போது ஃபெர்மின் முறுக்கிய கையோடு போடுகிறான். மைக்கூட்டைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு மேலே போகிறான். அப்படியும், தினமும் இறங்கி வந்து கேட்கிறான். இன்றும் ஆறு மணிக்குக் கேட்டான்.

“அக்கா, முறுக்கினேனா?”

“முறுக்கினடா. நான் பாத்தேன்.”

நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தான். நான் பார்க்கவில்லை, தைத்துக்கொண்டிருந்தேன். அவன் கிழங்கை உரித்துக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் எழுபத்தெட்டுப் படியும் ஏறிப் போய்ப் பார்த்தேன். விசையின் எடைக்கல் உச்சியில் இருந்தது. முறுக்கித்தான் இருக்கிறான்.