துருக்கிப் பாதி

பாய்,

உங்கள் நோட்டைக் கறையான் அரிக்கவில்லை. நான்தான் கைலி வெட்டும் கத்தரியால் அதை நெடுக வெட்டினேன்.

நேற்றுக் கிடங்கில் ஒரு பழைய மூட்டையைப் பிரித்தோம். ஜப்பான் சண்டை வந்து கப்பல் நின்றபோது துறைமுகத்திலிருந்து திரும்பி வந்த, ஜாவாத் தீவின் பட்டேவியாவுக்குப் போக வேண்டிய சரக்கு. தையலை அறுத்ததும் கஞ்சி வாடையும் சாக்கு வாடையும் சேர்ந்து அடித்தன. உங்கள் கடைச் சாக்குதான். உள்ளே கோத்திருந்த மார்க் சீட்டை எடுத்தேன். ஒரு பக்கம் என் மூட்டை நம்பர். திருப்பினால் உங்கள் கையெழுத்து.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் கைலிக் கடைக்கு எதிரே உங்கள் சாக்குக் கடை. துருக்கி பாய் என்றுதான் உங்களைச் சொல்வோம். அதில் கேலியும் கலந்திருந்தது. அதற்கு முந்தின ஜெர்மன் சண்டையில் பட்டாளத்தோடு பஸ்ரா பக்கம் போய்ப் பிடிபட்டு, துருக்கி மலையில் ரயில் பாதைக்குக் கல் உடைத்தீர்கள். ஊர் திரும்பி, வேலை கிடைக்காமல், சுமத்ராவில் டச்சுக்காரனின் புகையிலைக் கிடங்கில் எட்டு வருஷம் எடை போட்டீர்கள். துருக்கி, டச்சு இரண்டு பாஷையும் காதால் பிடித்தவை. மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும் இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் பேசிக் காட்டுவீர்கள்.

“துருக்கி நம்ம பேச்சு மாதிரிங்க முதலாளி. ரயில்ல பெட்டி கோக்கற மாதிரி வாலுல கோத்துக்கிட்டே போகும். என்ன செய்யறான்னு கடைசிப் பெட்டியிலதான் தெரியும். டச்சுக்காரன் வேற தினுசு. செய்யற வார்த்தையவே சில சமயம் ரெண்டா உடைச்சு, பாதியை முன்னால வெச்சுட்டு மீதியைக் கடைசில கொண்டாந்து போடுவான்.”

டச்சில் சில சொற்களுக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கியது போலக் காறுவீர்கள். ஒரு முறை வெற்றிலைக் கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தார். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மறந்துவிடக் கூடாது என்று நோட்டு எழுதினீர்கள். எல்லாம் தமிழ் எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். இடது ஓரம் டச்சு, நடுவில் தமிழ். துருக்கிக்காரன் வலப்பக்கமிருந்து எழுதுகிறவன் என்று வலது ஓரத்தைத் துருக்கிக்கு விட்டிருந்தீர்கள். மலைப்பாதையில் வேலை செய்தபோது ஒரு கிழவி சுவருக்கு மேலாக ரொட்டி நீட்டுவாளாம். நீங்கள் தின்று முடிக்கும்வரை நின்று ஒரு வார்த்தை கேட்பாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் இறங்கும். எனக்கு அது கதை. அவ்வளவுதான்.

பிறகு பட்டேவியாவிலிருக்கும் டச்சுக் கம்பெனியின் ஏஜெண்டு கைலி பார்க்க சென்னைக்கு வருகிறான் என்று சேதி வந்தது. டச்சில் நாலு வார்த்தை பேசினால் ஆள் மடங்குவான் என்று கணக்குப் போட்டு உங்கள் நோட்டைக் கேட்டேன். என்ன விலை என்று விளையாட்டாகக் கைமேல் துண்டைப் போட்டேன். நீங்களும் சிரித்துக்கொண்டே துண்டுக்கு அடியில் கை கொடுத்தீர்கள். தடவிப் பார்த்தேன். ஒரு விரலும் நீளவில்லை. மூடிய கை. பிறகு வாயால் சொன்னீர்கள்:

“முழுசாக் குடுக்கறேன், முழுசாத் திருப்பிக் குடுங்க. சேலத்துல துருக்கி பேச எனக்கு வேற ஆளில்லீங்க.”

சந்தைப் பேரம் எப்படி என்று உங்களுக்கும் தெரியும். துண்டுக்கு அடியில் விரல் சொல்வதுதான் பேச்சு. துண்டுக்கு மேலே வாய் சொல்வதெல்லாம் சுற்றி நிற்பவர்களுக்கு. தலைச்சுமையாகக் கைலி விற்ற நாளிலிருந்து எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். மூடிய கை என்றால் விலையில்லை. விலையில்லாமல் வந்தது என்னுடையது. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ரயிலுக்குப் புறப்படும்போது நோட்டு சட்டைப்பையில் நுழையவில்லை. துருக்கியோடு எனக்கு என்ன வியாபாரம்? வலது ஓரத்தை வெட்டினேன். அந்தச் சீட்டுகளின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் மூட்டைக்கு மார்க் எழுத ஆயிற்று. கிழவி தந்த வார்த்தைகளைத் தைத்துக் கப்பலேற்றினேன், பாய். சென்னையில் அந்த ஏஜெண்டு என் டச்சைக் கேட்டு ஒரு தரம் சிரித்தான். மீதி வியாபாரமெல்லாம் துபாஷியை வைத்து இங்கிலீஷில் நடந்தது. உங்கள் நோட்டு அங்கே தேவைப்படவே இல்லை.

திரும்பி வந்ததும் கறையான் என்றேன். “ஒரு தாள் கூடவா மிச்சமில்லை?” என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். ஒரு வாரம் கழித்துப் புது நோட்டு ஒன்று தொடங்கினீர்கள். இடது ஓரம் மளமளவென்று நிரம்பியது. வலது ஓரம் வெள்ளையாகவே கிடந்தது.

“வேடிக்கையப் பாருங்க முதலாளி. சம்பளத்துக்குக் கத்துக்கிட்டது ஒட்டிக்கிட்டு நிக்குது. ரொட்டிக்குக் கத்துக்கிட்டது போயிருச்சு.”

படுக்கையில் விழுந்த பிறகு பார்க்க வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் கெழவி என்ன கேப்பா? உங்ககிட்டச் சொல்லியிருக்கேனே” என்றீர்கள். நினைவில்லை என்றேன். உங்களிடம் அந்த நாட்களில் நான் சொன்ன ஒரே உண்மை அது. வீட்டுக்கு வந்து, பெட்டியில் பூட்டியிருந்த மிச்ச நோட்டைப் புரட்டினேன். ஒரு தாளின் நடுவில் ‘வயிறு நிறைந்ததா?’ என்றிருந்தது. டச்சுப் பக்கத்தில் ‘அங்கே யாரும் கேட்டதில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். வலப்பக்கம் கத்தரி போன விளிம்பு.

அதையாவது எடுத்துவந்து காட்டியிருக்கலாம். தொலைந்த வார்த்தையை அதைப் பார்த்தாவது நீங்கள் பிடித்திருப்பீர்களோ என்னவோ. வெட்டு விளிம்பை நீங்கள் பார்ப்பீர்கள் என்ற பயம் என்னைத் தடுத்தது. மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

நேற்று அந்தச் சீட்டைக் கொண்டுபோய் நோட்டோடு வைத்துப் பார்த்தேன். ‘வயிறு நிறைந்ததா?’ என்றிருந்த அதே தாளில்தான் கத்தரி கொஞ்சம் கோணிப் போயிருக்கிறது. கோணல் கோணலோடு பொருந்தியது. வரிக்கு நேரே உங்கள் எழுத்து: ‘டொய்துன் மூ’. வாய்விட்டுப் படித்தேன். மூட்டை தூக்குகிறவர் திரும்பி, “என்னங்க கேட்டீங்க?” என்றார். சாப்பிட்டு வயிறு நிறைந்ததா என்று கேட்டேன் என்றேன். “ஆச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருஷம் முன்னால், நீங்கள் படுக்கையில் கிடந்தபோது, நான் உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியால் அந்த ஒரு தாளை ஒட்டிவிட்டேன். இப்போது அது என் சட்டைப்பையில் இருக்கிறது, மடித்தால் நுழைகிறது. மற்றத் தாள்களின் துருக்கிப் பாதி எந்தத் தீவில் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ தெரியாது. சாக்கைப் பிரிக்கும்போதெல்லாம் இனித் தேடுவேன். கிடைக்காது என்றும் தெரியும்.

துண்டுக்கு மேலே நீங்கள் சொன்னதுதான் பேச்சு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். விலை, மூடிய கை. நிபந்தனை, முழுசாக வாங்கியதை முழுசாகத் திருப்பித் தருவது.