ஐந்தாவது மரம்

அக்கா,

இன்று காலை ஈப்போ கிளினிக்கில் நர்ஸ் பெண் ஐந்து சொற்களைச் சொல்லி, "மனசுல வச்சிக்குங்க ஆன்ட்டி, கொஞ்ச நேரம் கழிச்சிக் கேப்பேன்" என்றாள். குடை, ஆடு, மணி, சோப்பு, இன்னொன்று. அடுப்பை அணைக்க மறந்து இரண்டு முறை சட்டியைக் கருக்கிவிட்டேன் என்று மகள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போயிருந்தாள். எனக்கு உள்ளூரப் பயம்தான். கண்ணை மூடி, ஆயர் தாவார் பக்கத்து நம் ரப்பர் தோட்டத்தில், நீங்கள் பால் வெட்டிய நிரையின் முதல் மரத்தடியில் போய் நின்றேன்.

எழுபதுகளின் கடைசி அது. உங்கள் நிரையும் என் நிரையும் பக்கம் பக்கம். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லாரும் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை தேடினோம். அங்கே குடியுரிமைக்கான நீல அட்டையைக் கேட்டார்கள். இந்த மண்ணிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாத உங்களிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. நீல அட்டை வேண்டுமென்றால் அதிகாரி முன் உட்கார்ந்து மலாயில் பதில் சொல்ல வேண்டும். கணவரும் இறந்துவிட்டார், மூன்று பிள்ளைகள். அந்த அட்டையை விட்டால் உங்களுக்கு வேறு வழியில்லை.

பதில்களை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆறாம் வகுப்பு முடித்த திமிர் எனக்கு. பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்தது மாதிரியே உங்களையும் ஒப்பிக்க வைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத நீங்கள் முதல் மரத்தில் பெயர், இரண்டாவதில் ஊர் என்று மரத்துக்கு ஒரு பதிலாக முணுமுணுத்துக்கொண்டே வெட்டிப் போவீர்கள். ஒன்றுகூடத் தப்பாது.

நேர்காணலன்று அதிகாரி முதலில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். நீங்கள் உங்கள் பெயரைச் சொன்னீர்கள். என்ன வேலை என்றார். ஊரைச் சொன்னீர்கள். பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நான் கடுகடுத்தேன். "இத்தன நாளு படிச்சும் இப்படிப் பண்ணிட்டீங்களேக்கா."

"நீ வரிசையா சொல்லிக் குடுத்த, நான் வரிசையா வச்சிக்கிட்டேன். அந்த ஆபீசர் துவான் நேரா நடுக்காட்டுல வந்து நின்னுட்டாரு லா" என்றீர்கள். தோற்றது என் பாடம் என்று புரிந்தது.

மறுநாள் நீங்களே எல்லாவற்றையும் இடம் மாற்றினீர்கள். கடைசிப் பிள்ளைக்கு இடுப்பு வலி கண்ட மூன்றாவது மரத்துக்குப் பிள்ளைகளின் கணக்கு போனது. மங்குக் கிண்ணம் நிறையப் பால் கொடுக்கும் ஏழாவது மரத்துக்கு "சாயா போத்தோங் கெத்தா", அதாவது நான் ரப்பர் வெட்டுகிறேன், என்ற பதில். "இப்ப நீ எந்த மரத்துல வேணும்னாலும் நின்னு கேளு" என்றீர்கள். முன்னும் பின்னுமாக ஓடி ஓடிக் கேட்டேன். எங்கேயும் நீங்கள் தடுமாறவில்லை. ஐந்தாவது மரத்தில் மட்டும் எதையும் வைக்க விடவில்லை. நாம் இருவரும் ரொட்டியைப் பிட்டுப் பால் சேர்க்காத வரக்கோப்பியில் நனைத்துப் பசியாறும் இடம் அது.

"அது நம்ம ரெண்டு பேரு மரம். அதுல பாடத்த வைக்காத."

இரண்டாம் முறை கூப்பிடுவதற்குள் அந்தக் காட்டையே வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். நான் பதறினேன். நீங்களோ வேர் பிடுங்கிய குழிகளைப் பார்த்து, "வெட்டுனா என்ன, எனக்கு வழி தெரியும்" என்றீர்கள். இரண்டாம் நேர்காணலன்று அதிகாரியின் அறையில் கதவோரத்து பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் பால் வெட்டும் உளியைப் பிடித்ததுபோல மணிக்கட்டு லேசாகச் சாய்ந்தது, பிறகு பதில் வந்தது. சில மாதம் கழித்து நீல அட்டை கைக்கு வந்தபோது அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதீர்கள். நானும் அழுதேன்.

வாய்ப்பாடு எனக்குப் பாதிக்கு மேல் மறந்துவிட்டது, அக்கா. வாழ்ந்த இடத்தில் வைத்ததுதான் நிற்கும் என்பதை, உங்களுக்குப் பாடம் சொல்லப் போன இடத்தில்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் கண்மூடி மூன்று வருடம் ஆகிறது. இதை உங்களிடம் ஒருநாளும் சொல்லாமல் விட்டது மனதை அறுக்கிறது.

நர்ஸ் திரும்ப வந்து கேட்டாள். முதல் மரத்தில் குடை, அடுத்ததில் ஆடு, மூன்றாவதில் மணி, நான்காவதில் சோப்பு. நான்கையும் வரிசையாகச் சொன்னேன். ஐந்தாவது வரவில்லை.

"செருப்பு, ஆன்ட்டி. பரவால்ல, நாலு சொல்லிட்டீங்க" என்றாள். மகளின் முகம் வாடிவிட்டது. எனக்கு வருத்தமே இல்லை. ஐந்தாவது மரத்தடி வரைக்கும் நான் ஒழுங்காகத்தான் போனேன். அங்கே நீங்கள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.